சந்தை வண்டியில் இத்தா

ஜூலை 8, செவ்வாய்

காற்று. ஆடி பிறக்கவே இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வாயெல்லாம் மண். கொடியில் போட்ட வெள்ளைச் சேலை செம்மண் சேலையாக இறங்கி வந்தது. மறுபடி அலசல். இத்தா இருப்பவளுக்கு மாற்றிக் கட்ட இரண்டு சேலை போதும் என்று யார் சொன்னது? மாமி சொன்னார்.

செய்ய வேண்டியவை: உளுந்து ஊறப்போட. மாமிக்கு முழங்கால் தைலம், காதரிடம் சொல்ல. போன் சார்ஜ், கரண்ட் இருக்கும்போதே.

ஸ்டெல்லா போன். வத்தலக்குண்டுக்காரி. ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் டிராயிங் டீச்சராக இருந்தோம். நான் விட்டேன், அவள் விடவில்லை.

"மதுரையில ஹால் கெடச்சிருச்சு மெஹரு. ஆகஸ்ட் கடைசி வாரம். பத்துப் பேரு சேந்து கண்காட்சி வைக்கிறோம். தலைப்பு வீடு. நீ இல்லாம எப்புடி?"

"நான் செப்டம்பர் வரைக்கும் வாசலத் தாண்ட முடியாதுடி."

"அது என்ன கணக்கு?"

மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். புருஷன் மவுத்தானால் பொண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் அவன் வீட்டிலேயே இருக்க வேண்டும். நகை இல்லை, பூ இல்லை, வெளியே போக்கு இல்லை. அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது, கொழுந்தனும் அதில் சேர்த்தி. எல்லாம் கேட்டுவிட்டுச் சொல்கிறாள்: "அப்ப இந்தத் தலைப்புக்கு ஒன்னைய விட்டா ஆளே இல்ல."

சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல். அடுப்படியிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார். போனை வைத்துவிட்டேன்.

ஆனால் எதை வைத்துச் செய்வது? என் வேலை நடந்தால்தான் நடக்கும். ரோட்டோரத்தில், காலி மனையில், பழைய இரும்புக் கடை வாசலில் கிடப்பதை நானே போய்ப் பார்த்து, நானே குனிந்து எடுத்து, அதை வைத்துத்தான் சிற்பம் கட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கியது செல்லாது. பிறர் கொண்டுவந்து தந்ததும் செல்லாது. நான் எனக்கு வைத்த சட்டம். இப்போது அந்தச் சட்டமும் பள்ளிவாசல் ஹஜ்ரத் சட்டமும் சேர்ந்து என்னைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குகின்றன.

ஜூலை 9, புதன்

காலையில் காதர் கேட் அருகே நின்று குரல் கொடுத்தான். அவர் தம்பி. பிரியாணிக் கடைகளுக்குக் கறி போடுகிறவன். குடியிருப்பது அடுத்த தெரு. தினமும் பையைக் கேட் கொக்கியில் மாட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு பேசுவான். முதுகு அவன் அண்ணன் முதுகேதான். அதனால் நான் பார்ப்பதில்லை.

"தக்காளி அரைக்கிலோ, மல்லி, ரொட்டி. தைலம் சாயங்காலம் வாரப்ப கொண்டாரேன் மதினி."

"சரி."

"இன்னொண்ணு. வண்டிய வித்துரலாம்னு இருக்கேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருத்தர் கேட்டு முன்பணமும் குடுத்துட்டாரு. அம்மாட்ட சொல்லிட்டேன்."

மாமியிடம் சொல்லியாயிற்று. முன்பணமும் வாங்கியாயிற்று. எனக்குத் தக்காளியோடு சேர்த்துத் தகவல்.

"யோசிப்போம்" என்றேன்.

"யோசிக்க என்ன மதினி இருக்கு? சும்மா நின்னா துருப்புடிக்கும்."

வண்டி என்பது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. பின்பக்கம் கம்பி வளைத்துத் தார்ப்பாய் போர்த்தியது. அவர் சந்தை வியாபாரி. நைட்டி, பாவாடை, லுங்கி. இன்றைக்கு வேடசந்தூர் என்றால் நாளைக்கு வத்தலக்குண்டு, அப்புறம் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டி. வாரத்தில் பாதி ராத்திரி வண்டியிலேயே படுக்கை. மே மாதம் அந்த நெய்க்காரப்பட்டிச் சந்தையில் கடை பரப்பிவிட்டு, "செத்த நேரம் சாஞ்சுக்கிறேன்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி உள்ளே போனவர்தான். சந்தை கலைகிற வரைக்கும் தூங்குகிறார் என்றே நினைத்திருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காதர் வண்டியைக் காம்பவுண்டுக்குள் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கம் அடுப்படி வாசலைப் பார்க்க நிறுத்தச் செய்தான். மிச்சச் சரக்கை நான் தெருவில் கால் வைக்காமல் இறக்கிக்கொள்ளட்டும் என்று. மரியாதை தெரிந்த பிள்ளை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ரொட்டி காய்ந்து போனது. மாமிக்குப் பாலில் நனைத்துக் கொடுத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை நேரம். தெருவில் ஆண் வாடையே இல்லை. சரக்கை இறக்குகிற சாக்கில் வண்டிக்குள் ஏறினேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல் தடவை. அவரிடம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "அங்க என்ன இருக்கு மெஹரு, மண்ணும் புழுதியும்."

நைட்டி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது.

– கோரைப்பாய், சுருட்டியபடி. தலையணை ஒன்று.
– ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், டீ போடும் பாத்திரம்.
– கம்பியில் செருகிய கண்ணாடி. சீப்பு. பல் தேய்க்கும் பிரஷ் (வீட்டில் வேறு பிரஷ்!).
– தொழுகைக்குக் கிப்லா திசை பார்க்கிற காம்பஸ், சட்டைப் பொத்தான் பெரிசு.
– சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கருங்கல். ஒரே கல்லை ஊர் ஊராகச் சுமந்திருக்கிறார். போகிற ஊரில் கல்லா கிடைக்காது?
– நான் போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய்.

ஊறுகாய்தான் என்னைக் கொன்றது. பாட்டில் வாயில் துணி கட்டி, மூடியை இறுக்கி, மேலே எண்ணெய் நிற்க வைத்திருக்கிறார். கரண்டி தனியாக, கழுவித் துடைத்து. வீட்டில் ஒருநாள், ஒரே ஒருநாள், இந்த மனிதர் ஊறுகாய் பாட்டிலை மூடியதில்லை. நான் கத்தாத கத்தல் இல்லை. இங்கே என்னடாவென்றால் இவ்வளவு பொறுப்பாகக் குடித்தனம்.

கோபம் கோபமாக வந்தது. இன்னொருத்தி இருந்திருந்தால்கூட இப்படி வயிறு எரிந்திருக்காது. மாமி வீட்டுக்கு வந்து சேரும் வரை வாடகை வீடு மாற்றி வாடகை வீடு மாற்றி, சட்டி பானையைச் சாக்கில் கட்டிக் கட்டி அலைந்தவள் நான். 'வெஜிடேரியனுக்குத்தான் விடுவோம்' என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய வீடுகளின் படியேறி இறங்கியவளும் நான்தான். ஊர்சுற்றி என்று பேர் வாங்கியவருக்கோ மாறாத வீடு ஒன்று இருந்திருக்கிறது. ஆணி மாறாமல், கண்ணாடி மாறாமல். எனக்குத் தெரியாமல்.

பாயில் உட்கார்ந்து அழுதேன். பள்ளிவாசலில் இருந்து செருப்புச் சத்தங்கள் திரும்பி வரத் தொடங்கியதும் இறங்கிவிட்டேன். சரக்கை இறக்கவில்லை.

ஜூலை 12, சனி

பரணிலிருந்து சாக்கை இறக்கினேன். தும்மல்.

ஒவ்வொரு வாடகை வீட்டையும் காலி செய்யும்போது ஒரு சாமான் கழற்றி எடுத்துக்கொள்வேன். அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று பிடிப்பார்கள் இல்லையா, அதற்கு ஈடு. குழாய்த் திருகு. சுவிட்ச் பலகை. தாழ்ப்பாள், கதவு எண் தகடு, சிமெண்டோடு பெயர்ந்து வந்த ஆணி, மொசைக் துண்டு. "வீட்டுக்காரன் போலீசுக்குப் போகப் போறான்டி" என்பார் அவர். போய்ச் சொல்லட்டுமே, குழாய்த் திருகைக் காணோம் என்று.

எல்லாவற்றையும் வண்டிக்குக் கொண்டுபோனேன். கம்பிகளில் நைலான் கயிறு கட்டி ஒவ்வொன்றாகத் தொங்கவிட ஆரம்பித்தேன். எந்த வீட்டில் எது எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரம். அளக்க வேண்டியதில்லை. கண்ணை மூடினால் கை தானே போய் அந்த இடத்தில் நிற்கிறது. நாகல் நகர் வீட்டு சுவிட்ச் தோளுக்கு மேல். பேகம்பூர் வீட்டுக் குழாய் குனிந்தால்தான் எட்டும், இடுப்பொடியும்.

ஒரு சங்கடம். தார்ப்பாய்க்குள் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, தலை இடிக்கிறது. பாதி நாள் யோசித்துவிட்டு எல்லாவற்றையும் உட்கார்ந்திருப்பவள் உயரத்துக்கு இறக்கினேன். சுவிட்ச் இப்போது உட்கார்ந்த தோளுக்கு. தாழ்ப்பாள் உட்கார்ந்த கண்ணுக்கு. எழுந்து நிற்கவே வழியில்லாத ஏழெட்டு வீடுகள். அப்படிப் பார்க்கும்போது சரியாகத்தான் இருந்தது. அதே சமயம் மூச்சும் முட்டியது.

துக்கம் கேட்க வந்த பொம்பளைகள் அடுப்படியில். தார்ப்பாய்க்கு வெளியே பேச்சு:

"வண்டிக்குள்ள என்னமோ கட்டித் தொங்கவிடுதாம்ல?"

"புள்ள குட்டி இருந்தா இப்புடி ஆகுமா, பாவம்."

"இத்தாவுல குர்ஆன் ஓதுவாக. இது ஆணி ஓதுது."

கடைசியில் சொன்னது யாரென்று தெரியவில்லை. ஆனால் நன்றாகச் சொன்னாள்.

ஜூலை 14, திங்கள்

மாமி காலையிலிருந்து முகம் கொடுக்கவில்லை. டிவி சத்தம் உச்சத்தில். மதியம் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார், இடுப்பில் கை.

"எம் மகன் போயிட்டான். நீ அவன் வண்டியில வெளையாண்டுக்கிட்டு இருக்க."

"வெளையாடலை மாமி."

"பின்ன என்னது இது? குழாய்க்குத் தண்ணி வருமா? சுவிச்சுக்கு லைட்டு எரியுமா?"

ஸ்டெல்லாவிடம் பேசும்போது வருகிற வார்த்தை ஒன்றும் மாமியிடம் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு குரல் இறங்கி, "அந்தத் தலாணி அவனோடதா?"

"ஆமா."

"குடு."

தலையணையைப் பாயின் தலைமாட்டில், கண்ணாடிக்குக் கீழே என்று இடம் பார்த்து வைத்திருந்தேன். நேற்று முழுக்க அந்த மூலைக்காகத்தான் வேலை செய்தேன். உறையில் தேங்காய் எண்ணெய்க் கறை, தலை வைத்த பள்ளம்கூட இன்னும் சரியாக எழும்பவில்லை. கொடுக்க மனசில்லை, உண்மையைச் சொல்வதென்றால். கொடுத்தேன். மாமி அங்கேயே அதை முகத்தில் வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. நான் கயிற்றில் முடிச்சுப் போடுவது போல நடித்தேன்.

அவருடைய உடுப்பெல்லாம் அந்த வாரத்திலேயே எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்தவர் மாமிதான். அதுதான் முறை என்றார். ஒரு சட்டைகூட வைத்துக்கொள்ளவில்லை. வண்டிக்குள் இருந்ததை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

தலையணை இருந்த இடத்தை வெறுமையாகவே விட்டேன்.

ஜூலை 16, புதன்

ஸ்டெல்லா வந்தாள், பஸ்ஸில், வியர்த்து வழிய. கையில் பெரிய பை. "ஒனக்குத்தான். பஸ் ஸ்டாண்டு பூராம் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குனேன். ஒரு கண்டக்டரு பைத்தியம்னு நெனச்சு ஒதுங்கிப் போறாரு." உடைந்த ஹெல்மெட் கண்ணாடி, டிக்கெட் கட்டின் அட்டை, ஒற்றைச் செருப்பு, பலாக்காய்த் தராசின் கொக்கி.

எல்லாம் நல்ல சாமான். என்னால் தொட முடியவில்லை. அவள் கண்ணில் பட்டது அவளுடையது. சொன்னேன். "ஒன் திமிரு அடங்கவே அடங்காதுடி" என்று பையை மடியில் வைத்துக்கொண்டாள். கோபமில்லை.

பிறகு வண்டிக்குள் கூட்டிப் போனேன். தலையை இடித்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாம் அவள் கண் உயரத்துக்கு வந்தன. காற்றில் தாழ்ப்பாள் சுவிட்ச் பலகையில் தட்டும் சத்தம். ஊறுகாய் பாட்டிலைப் பார்த்து, "இது?" என்றாள். சொன்னேன். மூக்கை உறிஞ்சினாள்.

"இதுக்கு மேல ஒண்ணும் செய்யாத. இதையே கொண்டாந்துரு."

"நான் எங்க வர?"

"நீ வராட்டி என்ன? வண்டி வரட்டும். ஒங் கொழுந்தன் ஓட்டிட்டு வந்து ஹால் வாசல்ல விட்டா போதும்."

அவள் போனதும் உடம்பெல்லாம் பரபரப்பு. டீ போட்டு, குடிக்க மறந்து, ஆடை படிந்துவிட்டது. வண்டி விற்காமல் இருந்தால், மதுரைக்கு ஒருதரம் போய் வந்தால், இத்தா முடிந்து நான் வெளியே வரும்போது எனக்கென்று ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் இந்த வீடு மாமியுடையது, வரும்படி காதருடையது. நான் யார்? தக்காளி வாங்கிப் போடப்படுகிறவள்.

சாயங்காலம் கேட்டில் காதரிடம் கேட்டேன். மூச்சுவிடாமல் கேட்டேன்.

"அந்த வண்டிய நான் தொட மாட்டேன் மதினி."

"ஒரு நாளைக்குத்தான் காதர்."

"அன்னிக்கி உள்ள கொண்டாந்து நிறுத்துனதும் நான் இல்ல, பக்கத்து வீட்டு டிரைவர்தான். ஞாயித்துக்கெழம வாங்குறவரு வாராரு. அவரே ஓட்டிட்டுப் போகட்டும்."

குரல் ஒரு மாதிரி இருந்தது. பையை மாட்டாமல் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். முட்டை இரண்டு உடைசல்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. எதிர்வீட்டில் தேங்காய் சுடுகிற வாசனை. முன்பெல்லாம் எனக்கும் ஒரு துண்டு வரும். இந்த வருடம் வரவில்லை. துக்க வீடு என்று விட்டிருப்பார்கள்.

காதர் காலையில் தயங்கித் தயங்கி: "மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தாவுல இருக்குறவங்க வண்டியில போயி உக்காரலாமான்னு தெருவுல பேசுறாங்க."

"ஹஜ்ரத்துட்டயே கேட்டுட்டு வா."

வீம்பாகச் சொல்லிவிட்டேன். கூடாது என்று வந்துவிட்டால் அந்த இடமும் போச்சு. அதற்கப்புறம் அடுப்படி, கூடம், பாத்ரூம். பாத்ரூம், கூடம், அடுப்படி. ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டேன். மாமி முழுசாகக் குடித்தார்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பிறகு காதர் குரல் வந்தது.

"கேட்டேன் மதினி. காம்பவுண்டு செவத்துக்குள்ள இருக்குறது எல்லாம் வீடுதானாம். தரையில நின்னா என்ன, சக்கரத்துல நின்னா என்னன்னு கேட்டாரு. கேட்டத் தாண்டி வெளிய மட்டும் போகக் கூடாதாம்."

அவன் மாற்றிச் சொல்லியிருக்கலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? நானா? அப்படியே கொண்டுவந்து ஒப்பித்துவிட்டான்.

"இன்னொண்ணும் சொன்னாரு. அண்ணனோடதுல உங்களுக்குப் பங்கு இருக்காம். புள்ள இல்லாததால நாலுல ஒண்ணு. வித்துட்டு ஒங்க பங்க கையில குடுத்துர்றேன். ஒரு பைசா கொறையாது."

"எனக்குப் பணம் வேணாம் காதர். வண்டி வேணும்."

"ஓட்டத் தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

விடியலில் சுபுஹு தொழுத கையோடு வண்டியில் ஏறிவிட்டேன். தொழுகை விரிப்பு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட், போன். தார்ப்பாயின் கயிறுகளை உள்பக்கம் இழுத்துக் கட்டினேன். மாமி பார்த்தார், கேட்கவில்லை.

வெயில் ஏறியதும் கேட் திறக்கிற சத்தம். வண்டியைச் சுற்றிச் செருப்பு நடை. டயரை உதைத்துப் பார்க்கிறார்கள்.

"டயரு புதுசுங்களே?"

"அண்ணன் ஏப்ரல்லதான் மாட்டுனாரு."

"ஏனுங்க, உள்ளுக்குள்ள என்னமோ அசையறாப்ல இருக்குதுங்களே?"

தார்ப்பாய்க்குப் பக்கத்தில் செருப்புச் சத்தம். பிறகு காதர், மெதுவாக: "மதினி?"

"இருக்கேன்."

"இறங்குங்க மதினி. ஆளு வந்துருக்காங்க. நாங்க வேணா வெளிய போயி நிக்கிறோம்."

"இறங்கலை. நான் இத்தா இருக்குறது இங்கதான்."

"வெளையாடாதீங்க."

"நீதானப்பா கேட்டுட்டு வந்த? செவத்துக்குள்ள எல்லாம் வீடுன்னு. வண்டி கேட்டத் தாண்டுனா நானும் தாண்டுன மாதிரி. என் இத்தா முறிஞ்ச பாவம் ஓட்டுனவரு தலையில."

குரல் நடுங்கவில்லை, அதற்கு அல்ஹம்துலில்லாஹ். அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தார்ப்பாயைத் தூக்கக் கூடாது, என்னைப் பார்க்கக் கூடாது, கையைப் பிடித்து இறக்கக் கூடாது. இத்தனை நாளும் என் பக்கமாகவே விழுந்த கட்டுப்பாடு எல்லாம் இன்றைக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் விழுந்தது.

ஒட்டன்சத்திரத்துக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கெதுக்குங்க இந்தப் பாவமெல்லாம். வண்டி நல்லாத்தான் இருக்குது. உள்ளதான் வில்லங்கமா இருக்குதுங்க." சிரிப்பு வெளியே கேட்காமல் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் குசுகுசுப் பேச்சு. அப்புறம் கேட் சாத்துகிற சத்தம்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், தரையில் இருந்து குரல். காதர் போகவில்லை. உட்கார்ந்திருக்கிறான்.

"அண்ணன எதுல கொண்டாந்தேன்னு நெனைக்கிறீங்க மதினி?"

"ஆம்புலன்சுன்னு சொன்ன."

"பழனி ஆஸ்பத்திரியில ஆம்புலன்சுக்கு நேரமாகும்னாங்க. அம்மா போன் மேல போனு போட்டு அழுவுது. இதுலதான் படுக்க வச்சு நானே ஓட்டியாந்தேன். தெரு முனையில வந்து எறக்கித் தூக்கியாந்தோம். கேபினுக்குப் பின்னால சின்னக் கண்ணாடி இருக்குல்ல, வழி பூராம் அதப் பாத்துக்கிட்டே வந்தேன். எந்திரிச்சு உக்காந்துருவாரு, உக்காந்துருவாருன்னு."

நான் உட்கார்ந்திருந்தது அந்தப் பாய்.

"தெனம் காலையில கேட்டுக்கு வந்தா இது நிக்கிது. சந்தை முடிஞ்சு அண்ணன் வந்துட்டாருன்னு ஒரு நிமிசம் தோணுது. தெனமும். அத நெனச்சாவே எனக்குக் கேட்டுப் பக்கம் வரப் பயமா இருக்கு."

அழுதான். தார்ப்பாயின் இந்தப் பக்கம் நானும். ஒரு பிள்ளையை வளர்ப்பது போல அவர் வளர்த்த தம்பி. கையை வெளியே நீட்டித் தலையில் வைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. "கொண்டு போயிரு காதர்" என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டைச் சாத்திவிட்டுப் போக ஒரு தெரு இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனான்.

மதியம் மாமி தட்டை உள்ளே தள்ளினார். "வெஞ்சனம் ஒண்ணும் வைக்கல. முட்டதான்." முட்டை என் பங்கும் மாமி பங்கும் சேர்த்து இரண்டு இருந்தது.

ஜூலை 21, திங்கள்

விடியலில் இருந்தே பேய்க்காற்று. தார்ப்பாய் படபடவென்று அடிக்கிறது. ராத்திரியும் வண்டியிலேயே படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லாவுக்குப் போன் போட வேண்டும். போடவில்லை.

ஏழரை மணி வாக்கில் காதர் வந்தான். இரும்புச் சாமான் தரையில் விழுகிற சத்தம். செங்கல் அடுக்குகிற சத்தம்.

"மதினி, அவருக்கு வண்டி வேணாமாம். முன்பணத்துக்கு டயராச்சும் குடுங்கன்னாரு. சரின்னுட்டேன்."

"டயரா?"

"வண்டி இங்கயே இருக்கட்டும். ஒங்க வீடாவே இருக்கட்டும். நான் கேக்க மாட்டேன். ஆனா ஓடுற மாதிரி நிக்க வேணாம். கல்லு மேல நின்னா வண்டின்னு தோணாது எனக்கு."

யோசித்து யோசித்துப் பார்த்தேன். வண்டி வெளியே போனால் நான் போனதாக ஆகும். சக்கரம் மட்டும் போனால் நான் போனதாக ஆகாது. நேற்று எனக்குக் கைகொடுத்த சட்டம் இன்றைக்குக் கைவிட்டது. மதுரை அவ்வளவுதான். அந்த ஹால் வாசலில் இது போய் நிற்கப் போவதில்லை.

"இறங்குங்க மதினி, ஜாக்கி போடணும்."

"போடு. நான் இருக்கேன்."

இறங்கினால் மறுபடி ஏற முடியுமோ என்ற பயம். அவன் கொஞ்சம் நின்றான், பிறகு போட்டான். பின்னால் வலது மூலை மெல்ல எழும்பியது. பாய் வழுக்கியது. குழாய், தாழ்ப்பாள், சுவிட்ச் பலகை, எண் தகடு, எல்லாம் ஒன்றுபோல முன்பக்கம் சாய்ந்தன. பார்த்தால் அவை கயிற்றில் நேராகத்தான் தொங்குகின்றன, சாய்ந்திருப்பது நான். சக்கரம் கழன்று உருளும் சத்தம். செங்கல். அடுத்து இடது மூலை. செங்கல். ஊறுகாய் பாட்டில் உருண்டது, மடியில் வைத்துக்கொண்டேன். முன்னால் வலது. மூன்று சக்கரமும் கேட்டுப் பக்கம் உருண்டு போய்ச் சாய்ந்தன.

அடுப்படி வாசலில் மாமியின் குரல்: "மெல்லடா, உள்ள ஆளு இருக்கு."

முன் இடது மூலை. நட்டைத் திருகத் தொடங்கிவிட்டான்.

"காதர்."

"என்ன மதினி?"

"நாலுல ஒண்ணு என் பங்குன்னு நீதான சொன்ன?"

திருகுகிற சத்தம் நின்றது.

"ஆமா."

"அதக் கழட்டாத."

"ஒத்தச் சக்கரத்த வச்சு என்ன மதினி செய்வீங்க? இது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. எனக்குத் தெரியாதா? எம் பங்கு. மாட்டிட்டுப் போ."

அவன் மறுப்பான் என்று நினைத்தேன். முன்பணம் கொடுத்தவரிடம் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு நட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்குகிற சத்தம் கேட்டது. நன்றாக இறுக்கி முடுக்கினான். ஜாக்கி இறங்கியது.

மூன்று மூலை கல்லில் நிற்கிறது, அசையவில்லை. நான் பாயை முன் இடது மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மட்டும், உடம்பை அசைத்தால், கொஞ்சம் ஆடுகிறது.